பருத்திச் சட்டையோடு ஏறிய மலை

செப்டம்பர் கடைசியில் சிவகாசியில் ஒரு போர்மேன் லீவு கேட்டால், கேட்டவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் ஊரில் பேசுவார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருக்கும். லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் முதலாளி முன்னால் போய் நின்று பத்து நாள் லீவு கேட்டார். முப்பத்தோரு வருஷ சர்வீசில், எனக்கு மார்பில் கட்டி எடுத்தபோது தவிர, சீசனில் அவர் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. "எதுக்குய்யா?" என்று முதலாளி கேட்க, "ஜப்பானுக்குப் போறோம். மலை ஏறணும்" என்றிருக்கிறார். முதலாளி சரி என்றுவிட்டாராம்.

மலை ஆசை என்னுடையது. திருத்தங்கல்லில் ஒரு பிரஸ்ஸில் எனக்குக் கலர் பார்க்கிற வேலை. மிஷினிலிருந்து காலண்டர் தாள் வந்ததும் நீலம் தூக்கலா, சிவப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். செப்டம்பர் தாளுக்கு வருஷா வருஷம் ஒரே மலைப்படம்தான் வரும். மேலே ரம்பப் பல் மாதிரிப் பாறைச் சிகரம்; அடியில் பெரிய பள்ளம்; பள்ளம் நிறையச் சிவப்பும் மஞ்சளுமாகச் செடிகள். கீழே 'சுவிட்சர்லாந்து' என்று அச்சடித்திருக்கும். மதுரை ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது எதிர்ச்சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது. மாதம் ஜனவரி ஆகியும் படம் அழகாக இருக்கிறதென்று யாரோ அந்தத் தாளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

மருந்து ஏறிய நாளெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீடியோவில் பேசும்போது மகள் கயல் அதைக் கவனித்துவிட்டாள். அவள் ஜப்பானில் கொமகானே என்ற சின்ன ஊரில் மோட்டார் கம்பெனியில் இன்ஜினியர். "அம்மா, இது சுவிட்சர்லாந்து இல்ல. எங்க கேன்டீன் ஜன்னல்ல தெரியுற மலையாக்கும். நீ எந்திரிச்சு நட, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். தப்பான பெயரோடு அத்தனை வருஷம் நானே சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். எழுந்து நடப்பதற்கு அன்றைக்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

பெட்டி அடுக்கியது அவர். சாத்தூர் சேவு ஒரு கிலோ, இட்லிப்பொடி, நல்லெண்ணெய். மீதி இடமெல்லாம் பருத்தித் துணி. பட்டாசு ஆலைக்குள் பருத்தியைத் தவிர வேறு துணி ஆகாது. நைலானும் பாலியஸ்டரும் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி வரும். வெடிமருந்து அறையில் அந்தப் பொறியே போதும். பாலியஸ்டர் சேலையில் வந்த பெண்களை அவர் எத்தனையோ முறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் பொறுப்பில் இருக்கிற ரூம்களில் இன்றுவரை ஒருவருக்கும் தீக்காயம் பட்டதில்லை. அது அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையின் பேரில், கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷமாக என் பீரோவில் ஒரு பாலியஸ்டர் சேலை கிடையாது.

டோக்கியோவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கயல் வந்து அழைத்துப் போனாள், பஸ் நிலையத்தைப் பார்த்தோம், ஏறிவிட்டோம். வழியில் ஓரிடத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. இறங்கிப் போன இவரைக் காணோம். டிரைவர் தலைகளை எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார், வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு இறங்கித் தேடப் போனார். பக்கத்தில் அதே நிறத்தில் நின்ற இன்னொரு பஸ்ஸில், எங்கள் சீட் நம்பரிலேயே, இவர் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜப்பானியர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுப்ப மனமில்லாமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். நம்மூராக இருந்தால் அந்நேரம் என்ன பாட்டு விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் பேசியதையெல்லாம் எனக்குக் கயல்தான் சொன்னாள். அதனால் அந்த நாட்டில் எல்லோரும் என் காதுக்குச் சிவகாசித் தமிழில்தான் பேசினார்கள். இவரைக் கண்டுபிடித்த டிரைவர் குனிந்து சொன்னது இதுதான்: "நானே சரியாச் சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" மன்னிப்புக் கேட்க வேண்டிய இவர் பதிலுக்கு ஒரு பிடி சேவு கொடுத்தார்.

மறுநாள் கொமகானேயில் ஓய்வு. கயல் வீட்டு பால்கனியில் நின்றால் கிழக்கே ஒரு மலைத்தொடர், மேற்கே ஒரு மலைத்தொடர், நடுவில் நெல் வயல். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. மேற்கே இருப்பதுதான் நம் மலை என்று அவள் காட்டினாள். மேகம் மூடியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வெம்பக்கோட்டை அணைக்கட்டில் நின்று மழை மேகத்துக்காக வானத்தைப் பார்ப்பார்கள். நான் மேகம் போகாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் கோதுமை மாதிரி ஒரு மாவில் காய் வைத்து வேகவைத்த உருண்டை வாங்கித் தந்தாள். பூசணிக்காய் வைத்தது எனக்குப் பிடித்தது. கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பிறகு குளிர்ந்த நூடுல்ஸ், அதன்மேல் தூவ ஏழு பொருள் கலந்த மிளகாய்ப் பொடி. இவர் அரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, "விருதுநகர் மண்டியில கொண்டு போயி இத மிளகான்னு சொன்னா அடிக்க வந்துருவாக" என்றார். கடைக்காரம்மா பயந்து போய்த் தண்ணீர் ஜாடியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கதவிலும் நுழையுமுன் இவர் இரும்புக் கம்பி எங்கேயென்று தேடி உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் நுழைந்தார். ஆலையில் உடம்பில் இருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டுப் போகிற பழக்கம். ஜப்பானியர்கள் இது எங்கள் ஊர் வணக்கம் என்று நினைத்து, இரண்டு பேர் தாங்களும் தொட்டார்கள்.

அன்றே கயல் மலைத்துணிகளை எடுத்துப் போட்டாள். மெல்லிய பனியன், கம்பளி மாதிரி மெத்தென்ற மேல்சட்டை, மழைக் கோட்டு. எல்லாமே பாலியஸ்டர். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. "இதத்தான் போடணும், வேற எதுவும் வேணாம்" என்றாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மலைக்குப் போகிறவர்களின் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் விடியலில் கயல் பல் தேய்க்கப் போயிருந்தபோது இவர் என் பனியனைக் கையில் வைத்து உரசிப் பார்த்தார். "சும்மாவே பொரியுது. இதப் போட்டா உன் உடம்பு தாங்குமா? ஆபரேசன் பண்ண தோலு" என்றார். தன்னுடைய பழைய முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றை நீட்டினார். துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன சட்டை. மழைக் கோட்டு மட்டும் வெளியே போடுவதுதானே என்று அனுமதித்தார். என் பனியனோடு மேல்சட்டையும் கட்டிலுக்கு அடியில் போனது. அதன் இடத்தில் ஒரு பருத்தித் துண்டு என் பைக்குள் வந்தது. அவர் தானும் பருத்திச் சட்டை போட்டு, தனக்கு வாங்கியதைப் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கும் அவர் சட்டை போடப் பிடித்திருந்தது. பித்தான் போட்டுவிட்டுக் காலரைச் சரிசெய்தார். மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டேன்.

மலைப்பாதையில் வளைந்து வளைந்து பஸ்ஸில் ஏறி, பிறகு கம்பியில் தொங்கும் வண்டியில் ஏழெட்டு நிமிஷம். கதவு திறந்ததும் நான் நின்றுவிட்டேன். அந்தப் பள்ளம். அந்தப் பாறைப் பல் வரிசை. சிவப்பு நாங்கள் அச்சடித்ததைவிட ஒரு பங்கு குறைவு. மஞ்சளில் பழுப்பு கலந்திருந்தது. தப்பு எங்கள் பக்கம்தான். அழுகை வந்தது. அழுதேன். பக்கத்தில் நின்ற பெண்மணி, "போட்டோ எடுத்துத் தரவா?" என்று கேட்டார்.

அங்கிருந்து மேலே, இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் மலைக்கழுத்து வரை செங்குத்தாகக் கல்படி. வழக்கமாக ஐம்பது நிமிஷம் என்றாள் கயல்; எங்களுக்கு இரண்டு மணி நேரம். மேலே ஒரு விடுதி, ராத்தங்கல் அங்கே. அடுத்த நாள் நடுச்சிகரம் வழியாக உச்சி. இறங்கி வருகிறவர்கள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று ஆளாளுக்கு வணக்கம் சொன்னார்கள். பையில் மணி கட்டியிருந்தார்கள். "மாட்டுக்குக் கட்டுறத இவுக ஏன் கட்டியிருக்காக?" என்று இவர் கேட்டார். கரடிக்கு நாம் வருவது தெரிய வேண்டுமாம். அதற்குப் பிறகு வழி முழுக்க இவர் சத்தமாகவே பேசினார்.

வெயில் அடித்தும், சட்டை கயல் கண்ணில் படக் கூடாதென்று நாங்கள் இரண்டு பேரும் கோட்டைக் கழற்றவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. முக்கால்வாசி ஏறியதும் கீழேயிருந்து மூடுபனி வந்தது. அப்புறம் தூறல். கயலும் கோட்டு போட்டுக்கொண்டாள். மலைக்கழுத்தில் கால் வைத்ததும் காற்று அடித்த அடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஈரச் சட்டை முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆனது.

"குளுருதா?" என்று இவர் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

கயல் திரும்பிப் பார்த்து அதையே கேட்டாள். அவளிடமும் இல்லை என்றேன். அத்தனை தூரம் கூட்டி வந்தவர்களிடம் முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் நான் இப்படித்தான். வலிக்கிறதா என்றால் இல்லை. பசிக்கிறதா என்றால் இல்லை. மருந்து ஏற்றியதில் என் விரல்கள் பாதி மரத்தவை. அவை விறைத்ததும் எனக்குத் தெரியவில்லை. தரையோடு படர்ந்த பைன் செடிக்குள்ளிருந்து நாட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை வந்து நின்றது. இந்த உயரத்தில் மட்டும் வாழ்கிற, மூடுபனியில்தான் வெளியே வருகிற பறவை என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

கயலைக் கூப்பிட நினைத்தேன். பெயர் வாயில் வரவில்லை. தாடை ஆடிக்கொண்டே இருந்தது, கால் தன்னிஷ்டத்துக்கு வேறு பக்கம் போனது. எதிரே வந்த ஒரு வயசாளி என்னைப் பார்த்ததும் நின்று, கேட்காமலே என் கழுத்தில் கை வைத்தார். பிறகு விடுதிப் பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தார்.

அடுத்து எனக்குத் தெளிவாக நினைவிருப்பது, ஈரத்துணி காயப்போடும் ஒரு சின்ன அறை. நடுவில் அடுப்பு எரிந்தது. விடுதியை நடத்துகிற அம்மா, அறுபது வயது இருக்கும், கயலோடு சேர்ந்து என் கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டையைத் தொட்டதும் நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். கயல் எனக்கு அதைச் சொல்லவில்லை. சட்டையை உரித்தார்கள். என் ஒரு பக்க மார்பு தழும்பாகத்தான் இருக்கிறது. அந்தம்மாவின் கை ஒரு கணம் அங்கே நின்றது. பிறகு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, தழும்பு இல்லாத பக்கமாகப் பார்த்து வைத்து, மேலே தன் மேல்சட்டையையே கழற்றிப் போர்த்தினார். பெற்ற மகள் தவிர யாருக்கும் காட்டாத உடம்பு. எனக்கு வெட்கமே வரவில்லை.

போர்த்திய பிறகு இவரை உள்ளே விட்டார்கள். என்மேல் போர்த்தியிருந்த காய்ந்த பாலியஸ்டர் மேல்சட்டையை அந்தம்மா இழுத்துச் சரிசெய்தபோது படபடவென்று பொரிந்தது. பக்கத்தில் எரிகிற அடுப்பு. இவர் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். கதவோரத்து இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சட்டையோடு சேர்த்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

இனிப்புத் தண்ணீர் குடித்து எனக்கு நடுக்கம் அடங்கியதும் கயல் கேட்டாள். "நான் வாங்கிக் குடுத்ததெல்லாம் எங்கம்மா? வேர்வையக் குடிச்சுட்டு விடவே விடாது பருத்தி. இந்தக் காத்துல அது உசுரையே உறிஞ்சிரும். யாரு இதப் போட்டது?"

"நான்தான் மாத்திக்கிட்டேன். அது உடம்புக்கு ஒத்துக்கல" என்றேன்.

"பொய்யி" என்றார் இவர். "நான்தான் பாப்பா எடுத்து வச்சேன். உங்கம்மா சொல்றது பொய்யி. உன் துணியக் கட்டிலுக்கடியில போட்டுட்டு நான்தான் பித்தானப் போட்டு விட்டேன்." சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது மதுரையில் ஒரு முறை. இது இரண்டாவது.

கயல் திட்டுவாள் என்று பயந்தேன். அவள் கீழே உட்கார்ந்து, "காரணத்த நான் சொல்லியிருக்கணும்ப்பா. நீங்க என்ன பண்ணுவீகன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

விடுதி அம்மா என்ன நடக்கிறதென்று கேட்டார். கயல் எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டாசு, மருந்து அறை, பாலியஸ்டர் சேலை, முப்பத்தோரு வருஷம். அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சொன்னதைக் கயல் இப்படிச் சொன்னாள்: "நான் உங்க ஊருக்கு வந்திருந்தா, இந்தச் சட்டையோடதான் உங்க ரூமுக்குள்ள நுழைஞ்சிருப்பேன். நீங்க என்னைய வாசல்லயே மறிச்சிருப்பீக. இங்கன நான் மறிக்கேன். சாப்பிட வாங்க, சோறு ஆறுது."

ஐந்து மணிக்கே ராச்சாப்பாடு. கறிக்குழம்பு என்று ஒன்று தித்திப்பாக இருந்தது. எங்கள் சேவு மேசை மேசையாகப் போயிற்று. என் கழுத்தைத் தொட்ட வயசாளி காரத்தில் கண்ணில் நீர் வழிய இன்னொரு பிடி கேட்டார்.

நாலாம் நாள் விடிந்தபோது மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, "உச்சிக்குப் போகணும்" என்றேன். கயல் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். விடுதி அம்மாவைக் கேட்டாள். நல்ல வெயில், காற்றில்லை, உடுத்துவது சரியாக இருந்தால் மெதுவாகப் போகலாம் என்றார் அவர். விடுதி அம்மா கொடுத்த பனியன், மேல்சட்டை எல்லாவற்றையும் எனக்குப் போட இவர் உதவினார். கயல் வாங்கிக் கொடுத்ததைத் தானும் போட்டுக்கொண்டார்.

ஆலை வாசலில் வேலைக்கு வருகிறவர்களைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி, தீப்பெட்டி, போன் ஏதாவது இருக்கிறதா என்று இவர்தான் தினமும் தடவிப் பார்க்கிறவர். விடுதி வாசலில் இவர் மகள் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "பாரு தாயீ. நீ சரின்னாத்தான் உங்கம்மாவ நடத்திக் கூட்டிட்டு வருவேன்." கயல் சிரிக்கவில்லை. காலர், கைநுனி, இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நடுச்சிகரம் ஏறி இறங்கி, மறுபடி ஏறினால் உச்சி. பத்தடிக்கு ஒருமுறை இவர் "குளுருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏறும்போது உண்மையாகவே குளிரவில்லை. உச்சியில் கல் அடுக்கிக் கட்டிய சின்னக் கோயில் இரண்டு இருந்தன. மேகத்துக்கு மேல் மலைகள் வரிசை வரிசையாகப் போயின. கிழக்குத் தொடருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது ஃபுஜி. வடக்கே வெகுதூரத்தில் ஈட்டிமுனை மாதிரி ஒரு சிகரம். பெயர் தெரிந்ததை எல்லாம் கயல் சொன்னாள். நான் உயிரோடு வந்து நிற்கிறேன் என்பதை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நின்ற கொஞ்ச நேரத்தில் காற்று எழுந்தது. இவர் என் பக்கம் குனிந்தார்.

"குளுருதா?"

'இல்ல' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷப் பழக்கம்.

"குளுருது" என்றேன். "கை ரெண்டும் வெறைச்சுப் போச்சு. நேத்தும் குளுந்துச்சு. மதுரையில வலிக்கவும் செஞ்சுச்சு. நான் சொல்லல."

அவர் என் கைகளைப் பிடித்துத் தன் சட்டைக்குள் விட்டு, இரண்டு அக்குளிலும் வைத்து இறுக்கிக்கொண்டார். நாங்கள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவே யோசிக்கிறவர்கள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி கட்டிய ஜப்பானியர் இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்களில் சூடு ஏறிக் குத்த ஆரம்பித்தது. குத்துகிறது என்று அதையும் சொன்னேன்.